‘பாட்டி, ஸ்பேஸ் இவ்வளவுதானா?’



கென்னடி விண்வெளி மையத்தில் எடுத்த படங்களை மகள் இங்கே போட்ட நாளிலிருந்து ஒரே கேள்விதான் வந்துகொண்டிருக்கிறது. “டீச்சர், அந்த ராக்கெட் ரைடில் ஏறினீங்களா? நிஜமாவே விண்வெளிக்குப் போற மாதிரி இருந்துச்சா?” கோடை விடுமுறைக்கு அமெரிக்கா வரப்போகும் இரண்டு பேர், பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகலாமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்றும் கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய என் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதல்ல.

முதலில் ஒரு வரிப் பதில்: மேலே கிளம்புவது நிஜம் போலவே இருக்கிறது. மேலே போய்ச் சேர்ந்த பிறகு அப்படி இல்லை. ஏன் என்பதுதான் சுவையான விஷயம்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபுளோரிடாவின் கிழக்குக் கடற்கரையில், ஆர்லாண்டோ நகரத்திலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தூரத்தில் இந்த மையம் இருக்கிறது. நிலவில் இறங்கிய அப்பல்லோ 11 கிளம்பியது இங்கிருந்துதான். பார்வையாளர்களுக்கென்று தனி வளாகம் உண்டு. அதில் ‘அட்லாண்டிஸ்’ என்ற விண்வெளி ஓடத்தையே ஒரு கட்டடத்துக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மாதிரி அல்ல, 33 முறை விண்வெளிக்குப் போய்வந்த அதே ஓடம். 2011 ஜூலையில் அது கடைசியாகத் தரையிறங்கியதோடு விண்வெளி ஓடங்களின் காலமே முடிந்தது. பறந்துகொண்டிருப்பது போல அதைச் சாய்த்து, சரக்கு அறைக் கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறார்கள். எத்தனை பாகை சாய்வு தெரியுமா? 43.21. நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று! இதைக் கேட்டதும் பேரன் துள்ளிக் குதித்துவிட்டான்.

அவனுக்கு ஒன்பது வயது. இரண்டு வருடமாக “நான் அஸ்ட்ரோநாட் ஆகப் போறேன்” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அவன் படுக்கை விரிப்பில்கூட ராக்கெட்தான். இந்த ரைடுக்காக நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தான்.

அந்தக் கட்டடத்தோடு சேர்ந்ததுதான் ‘ஷட்டில் லாஞ்ச் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற ரைடு. 2007-ல் திறந்தது. விண்வெளி ஓடத்தில் உண்மையாகவே பறந்த வீரர்களின் ஆலோசனையோடு வடிவமைத்திருக்கிறார்கள். உள்ளே போகும் முன் ஒரு படம் காட்டுகிறார்கள். நான்கு முறை பறந்தவரும் பின்னாளில் நாசாவின் தலைவராக இருந்தவருமான சார்லஸ் போல்டன் அதில் தோன்றி, கிளம்பும்போது என்னென்ன நடக்கும் என்று வரிசையாகச் சொல்கிறார். பாடம் நடத்தும் முன் முன்னுரை சொல்வது போல. எனக்கு மிகவும் பிடித்தது.

பிறகு நாற்பது பேருக்கு மேல் உட்காரக்கூடிய ஒரு அறை. பெல்ட்டைப் போட்டதும் அறை முழுவதும் பின்பக்கமாகச் சாய்கிறது. பல் டாக்டர் நாற்காலியைச் சாய்ப்பாரே, அதையும் தாண்டி, முதுகு கீழே, கால்கள் மேலே என்று படுத்த நிலைக்கு வந்துவிடுகிறோம். உண்மையான வீரர்களும் ஏவுதளத்தில் இப்படித்தான் மல்லாந்து காத்திருந்தார்கள். எண்ணிக்கை முடிந்தவுடன் அறை அதிர்கிறது பாருங்கள், மழைக்குப் பிறகு எங்கள் ஊர் ரோட்டில் டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்தது போல! பக்கவாட்டு ராக்கெட்டுகள் கழன்று போகும்போது ஒரு உதறல். பிறகு வழுக்கிக்கொண்டு போவது போன்ற அமைதி. எஞ்சின் நிற்கும் இடத்தில் உடம்பு இருக்கையை விட்டு எழும்பிப் பெல்ட்டில் லேசாகத் தொங்குவது போல ஓர் உணர்வு. கண் எதிரே பூமி. முடிந்தது. மொத்தம் சுமார் ஐந்து நிமிடம்.

இதில் என்ன வித்தை என்று யோசித்தீர்களா? பஸ் சட்டென்று கிளம்பினால் முதுகு சீட்டில் அழுந்துகிறது. சீட்டைப் பின்னால் சாய்த்தாலும் முதுகு அழுந்துகிறது. நம் உள்காதில் சமநிலையை உணரும் இடத்தில் மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. வேகம் கூடினாலும் அவை பின்னால் நகரும், தலை சாய்ந்தாலும் பின்னால் நகரும். வெளியே பார்க்க ஜன்னல் இல்லாவிட்டால் எது எது என்று மூளையால் பிரிக்க முடியாது. திரையில் ராக்கெட் பறந்தால், “சரி, பறக்கிறோம்” என்று நம்பிவிடும். மூடிய பெட்டிக்குள் இருப்பவருக்கு ஈர்ப்பு விசையும் வேக மாற்றமும் ஒன்றே என்று ஐன்ஸ்டைன் 1907-ல் யோசித்த யோசனைதான் இது. அந்தப் பெட்டிக்குள் என்னையும் உட்கார வைத்துக் காட்டிவிட்டார்கள். எனக்குக் காசு அந்த இடத்திலேயே செரித்துவிட்டது.

ஆனால் வெளியே வந்த பேரன் முகம் வாடியிருந்தது. “பாட்டி, ஸ்பேஸ் இவ்வளவுதானா? சும்மா ஆட்டிவிட்டாங்க. இதுக்குத்தானா அஸ்ட்ரோநாட் ஆகணும்?” என்றான். மகள் சமாதானமாக ஐஸ்கிரீம் பற்றிப் பேச ஆரம்பித்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு வருட ஆசை ஐந்து நிமிட ஆட்டத்தில் அணைந்துவிடக் கூடாதே. அதே சமயம், “இல்லடா கண்ணா, சூப்பரா இருந்துச்சுல்ல” என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை. அவன் கேட்டது சரியான கேள்வி. ரைடில் மூன்று விஷயங்கள் இல்லை. அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, எடை. உண்மையான ஓடம் சுமார் எட்டரை நிமிடத்தில் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அப்போது வீரர்களை அவர்கள் எடையைப் போல 3 மடங்கு வரை அழுத்தியது. 60 கிலோ ஆளுக்கு 180 கிலோ! நாற்காலியை எவ்வளவு சாய்த்தாலும் என் முதுகை அழுத்துவது என் சொந்த எடை மட்டும்தான், அதற்கு மேல் ஒரு கிராம்கூடக் கூட்ட முடியாது. கூட்ட வேண்டுமானால் சுழற்ற வேண்டும். ஆர்லாண்டோ பக்கம் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் ‘மிஷன் ஸ்பேஸ்’ என்ற ரைடு 2003-லிருந்து அதைத்தான் செய்கிறது. தண்ணீர் வாளியைக் கையில் பிடித்துச் சுற்றினால் தண்ணீர் கொட்டாமல் அடியில் ஒட்டிக்கொள்ளும் என்று வகுப்பில் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? வாளிக்குப் பதிலாக நான்கு பேர் உட்காரும் சிறு அறை, அவ்வளவே. எடை இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. தலையைத் திருப்பக் கூடாது, கண்ணை மூடக் கூடாது என்று எச்சரிக்கிறார்கள். திருப்பினால் சுற்றுகிறோம் என்பதை உள்காது கண்டுபிடித்துவிடும், வயிறு புரட்டும். சிலருக்கு ஒத்துக்கொள்ளாததால் சுழலாத வகை ஒன்றையும் 2006-ல் சேர்த்தார்கள். ரத்த அழுத்தக்காரியான நான் அந்தப் பச்சைப் பக்கம் போனேன். மருமகன் சுழலும் ஆரஞ்சுப் பக்கம் போய்விட்டு, நெஞ்சின் மேல் ஆள் ஏறி உட்கார்ந்தது போல இருந்தது என்றார்.

இரண்டாவது, மிதப்பது. சுழற்றி எடையைக் கூட்டலாமே தவிர, தரையில் நிற்கும் எந்த இயந்திரத்தாலும் எடையைத் தொடர்ந்து இல்லாமல் ஆக்க முடியாது. “விண்வெளியில் ஈர்ப்பு இல்லை, அதனால் மிதக்கிறார்கள்” என்று விடைத்தாளில் எழுதி என்னிடம் சிவப்பு மை வாங்கியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றும் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு இங்கிருப்பதில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. அவர்கள் மிதப்பது, விழுந்துகொண்டே இருப்பதால். பக்கவாட்டில் அவ்வளவு வேகமாகப் போவதால், விழ விழப் பூமியும் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. ஆகவே மிதக்க விரும்பினால் விழ வேண்டும். நாசா வீரர்களை விமானத்தில் ஏற்றி, வில் போல் வளைந்து பறந்து, ஒவ்வொரு வளைவிலும் இருபது விநாடி அளவுக்கு மிதக்க வைத்துப் பழக்கியது. நம் ஊர்த் திருவிழா ராட்டினம் மேலிருந்து கீழே இறங்கும்போது வயிறு ‘பகீர்’ என்கிறதே, அதில் இருக்கும் எடைக் குறைவு சிறிதளவே ஆனாலும் அசல். அந்த ஒரு விஷயத்தில், கோடிக்கணக்கில் செலவழித்த இந்த ரைடை நம் ராட்டினம் ஜெயித்துவிடுகிறது!

மூன்றாவதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அட்லாண்டிஸுக்குக் கீழே தரைத்தளத்தில் ஒரு நினைவகம் இருக்கிறது. 2015-ல் அமைத்தது. ஒரு நடைபாதையில் பதினான்கு பேருக்குப் பதினான்கு கண்ணாடிப் பெட்டிகள். அவர்கள் வாழ்க்கையைச் சேர்ந்த சிறு சிறு பொருட்கள். அதைத் தாண்டினால் சாலஞ்சர் ஓடத்தின் உடைந்த பக்கச் சுவரில் ஒரு துண்டு, அதில் அமெரிக்கக் கொடி. பக்கத்தில் கொலம்பியாவின் ஜன்னல் சட்டங்கள். கண்ணாடி இல்லை, சட்டம் மட்டும். அங்கே யாரும் சத்தமாகப் பேசவில்லை.

கல்பனா சாவ்லாவை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கொலம்பியா சிதறியது 2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை. தரையிறங்க இன்னும் பதினாறு நிமிடம்தான் இருந்தது. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் நாம் எல்லோரும் மௌனமாக நின்றோம். அன்று ஆறாம், ஏழாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

நான் அதிக நேரம் நின்றது கிறிஸ்டா மெக்காலிஃபின் பெட்டி முன்னால். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் சமூக அறிவியல் ஆசிரியை. விண்ணப்பித்த 11,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்களில் தேர்வானவர். விண்வெளியிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு பாடம் நடத்தத் தயாராகியிருந்தார். 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் கிளம்பிய 73-வது விநாடியில் எல்லாம் முடிந்தது. நேரலையில் எத்தனையோ வகுப்பறைகள் பார்த்துக்கொண்டிருந்தன.

பேரன் மெதுவாக, “டீச்சரா பாட்டி? உங்கள மாதிரி டீச்சரா?” என்றான். “ஆமாம்” என்றேன். “அவங்களும் நம்ம மாதிரி சிமுலேட்டர்ல உட்கார்ந்திருப்பாங்களா?” என்றான். இந்தக் கேள்விக்காகவே அவனை அணைத்துக்கொள்ளலாம். அவர்கள் உட்கார்ந்த சிமுலேட்டர் வேறு. அதில் வேடிக்கை காட்டுவதில்லை. பயிற்சியாளர்கள் வேண்டுமென்றே எஞ்சினைப் பழுதாக்குவார்கள், மின்சாரத்தை நிறுத்துவார்கள். வீரர்கள் தோற்றுத் தோற்றுப் பழகுவார்கள். 1970-ல் அப்பல்லோ 13 வழியில் பழுதானபோது, மிச்சமிருந்த சொற்ப மின்சாரத்தில் கலத்தை எப்படி மறுபடி இயக்குவது என்று தரையில் இருந்த சிமுலேட்டரில் செய்துபார்த்துத்தான் மேலே சொல்லி அனுப்பினார்கள். நாம் ஏறிய ரைடில் எதுவும் பழுதாகாது. எந்த நாளும் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கிவிடும். அப்படித்தான் இருக்க வேண்டும், அதில் ஏறுவது பிள்ளைகள். ஆனால் அதனால்தான் அது ‘இவ்வளவுதானா’ என்று தோன்றுகிறது என்று அவனிடம் சொன்னேன். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை.

காரில் வெகுநேரம் பேசாமல் வந்தான். பாதி வழியில், “அந்த டீச்சர் எடுக்க வேண்டிய பாடத்த அப்புறம் யாராவது எடுத்தாங்களா?” என்று கேட்டான். எடுத்தார்கள். ஜோ அகாபா, ரிக்கி ஆர்னால்ட் என்ற இரண்டு வீரர்கள், இருவருமே முன்பு பள்ளி ஆசிரியர்கள், அவர் திட்டமிட்டிருந்த சோதனைகளில் சிலவற்றை 2018-ல் விண்வெளி நிலையத்தில் செய்துகாட்டிப் பதிவு செய்தார்கள். அன்றிரவு அந்தக் காணொளியை மகள் போட்டுக் காட்டினாள். அவன் இரண்டு முறை பார்த்தான். அஸ்ட்ரோநாட் ஆசை திரும்ப வந்ததா என்று நான் கேட்கவில்லை. ஒன்பது வயதில் கேட்டு நெருக்க வேண்டிய விஷயமும் அல்ல.

இனி, போகப்போகிறவர்களுக்கு. ரைடுக்குத் தனிக் கட்டணம் இல்லை, நுழைவுச் சீட்டிலேயே அடங்கிவிடும். குழந்தைகளுக்கு உயர வரம்பு உண்டு, முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முதுகுவலி, இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களும் கர்ப்பிணிகளும் வாசலில் உள்ள எச்சரிக்கைப் பலகையை முழுதாகப் படியுங்கள். ரைடுக்காக மட்டும் போகாதீர்கள், அட்லாண்டிஸுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். திரும்பி வரும்போது நெருப்பு நக்கிய தடம் அதன் ஓடுகளில் இன்னும் இருக்கிறது. நினைவகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்றால், எட்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக என்பேன். ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள், கேள்விகளுக்கு நின்று பதில் சொல்லுங்கள்.

போக வாய்ப்பில்லாதவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கம் ஆணியால் ஒரு ஓட்டை போட்டுத் தண்ணீர் நிரப்புங்கள். மூடியைத் திறந்தே வையுங்கள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வரும். மாடிப்படியில் நின்று, கீழே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பாட்டிலை அப்படியே கைவிடுங்கள். விழும் அந்த ஒரு கணம் ஓட்டையிலிருந்து தண்ணீர் வராது. செல்போனில் மெதுவாக ஓடும்படி படம் எடுத்தால் தெளிவாகத் தெரியும். உங்கள் பிள்ளைகளோடு செய்துபார்த்து, தண்ணீர் ஏன் நின்றது என்று அவர்கள் சொல்லும் காரணத்தைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளின் விடை வேண்டும், உங்கள் விடை வேண்டாம். சிவப்பு மை இன்னும் தீரவில்லை!

அன்புடன்,
உங்கள் டீச்சர்