வாத்தியப் பெட்டிக்கு யார் காவல்?

புத்தளம் கரையோரத்தில் ஆடி பிறந்துவிட்டால் இசைக்குழுக்களுக்கு ஓய்வில்லை. உடப்பில் திரௌபதை அம்மன் தீமிதிப்பு, தலவிலவில் புனித அன்னம்மாள் திருவிழா, அடுத்து முன்னேஸ்வரத்தில் உற்சவம். இடையிடையே கல்யாண வீடுகள். இந்த வருமானத்தை நம்பியிருக்கும் குடும்பங்களில் யுத்தத்தால் இடம்பெயர்ந்து வந்தவர்களும் இருக்கிறார்கள்.

வேலை நிமித்தம் கற்பிட்டிப் பக்கம் போய்வரும்போது எனக்கு அறிமுகமான சகோதரி ஒருவர், வன்னியில் கணவரை இழந்தவர். தம்பியின் குழுவில் பாடுகிறார். மாதர் சங்கத்தில் கடன் எடுத்து கீபோர்ட் ஒன்று வாங்கி, அதைக் குழுவுக்கே வாடகைக்குக் கொடுத்தார். மூன்றாம் மாதம் ஒரு கல்யாண வீட்டில் அது காணாமற் போயிற்று.

"சாமான் போனது போகட்டும் மிஸ், கடனை யார் கட்டுறது?" என்றுதான் என்னிடம் கேட்டார்.

கச்சேரி நடக்கும்போது களவு போவது குறைவு. எல்லோர் கண்ணும் மேடையில் இருக்கும். ஆபத்து அதற்குப் பிறகுதான். நடுச்சாமம் தாண்டிவிட்டது, சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், பாதிச் சாமான் மேடையில், பாதி வானில், வான் கதவு திறந்தபடி. மற்றவர் நிற்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். அன்றும் அப்படித்தான் நடந்தது.

பொலிஸுக்குப் போனபோது பற்றுச்சீட்டு எங்கே, தொடரிலக்கம் என்ன என்று கேட்டார்கள். இரண்டும் அவரிடம் இல்லை. முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி ஒப்பமும் வாங்கிவிட்டார்கள். சகோதரிகளே, 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழில் எழுதும்படி கேளுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டாமல் ஒப்பமிடாதீர்கள்.

பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னியின் பேஸ் கிற்றார் 1972 இல் லண்டனில் வான் ஒன்றிலிருந்து களவு போனது. அது அவரிடம் திரும்பி வந்துவிட்டதாக 2024 இல்தான் அறிவித்தார்கள். ஐம்பது வருடம் கழிந்தும் அதைத் தேட ஆட்கள் இருந்தார்கள். எங்கள் கீபோர்டைத் தேட யார் வரப்போகிறார்கள்?

ஆகவே தொடரிலக்கத்தை எழுதி வைப்பதும், பெட்டியின் உட்புறத்தில் பெயின்றால் அடையாளம் போடுவதும் எங்கள் வேலை. முற்பணம் வாங்கும்போதே பூட்டக்கூடிய அறை ஒன்று கேட்க வேண்டும். "எங்களைக் கள்ளர் என்று நினைக்கிறீங்களோ?" என்று கோபிப்பவர்கள் உண்டு. கோபிக்கட்டும். சாமான் ஏற்றி முடியும்வரை வானடியில் ஒருவர் நிற்க வேண்டும், வேறு எந்த வேலையும் அவருக்குக் கொடுக்கக் கூடாது. இரவில் பெண் ஒருவரைத் தனியே அங்கு நிறுத்துவது சரியல்ல. ஆனால் சாமான் பட்டியல் பெண்ணின் கையில் இருக்கலாம். வீட்டுக் கணக்குப் பார்க்கிறவளுக்கு இது பெரிய காரியமா என்ன?

ஆமைப்பூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்புக்காற்றில் இரும்புப் பூட்டு சீக்கிரம் துருப்பிடித்துவிடும். பித்தளைப் பூட்டு வாங்கி, தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயில் இரண்டு சொட்டு விடுங்கள்.

அந்தச் சகோதரி இப்போது பழைய கீபோர்ட் ஒன்று வாங்கியிருக்கிறார். அதன் இலக்கத்தை மகளின் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கொப்பி மட்டும் வீட்டில் ஒருநாளும் தொலைவதில்லையாம். முதற்கடனில் இன்னும் ஆறு தவணை கட்டக் கிடக்கிறது.