கைக்கு எட்டும் வால்வு

கேஸ் கணப்பைச் சுவரை விட்டு வெளியே எடுக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது. வாசலில் மீட்டரை மூடி, கண்ணாடியைக் கழற்றி, பீங்கான் விறகுக் கட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி, புகைக்குழாயை விடுவித்த பிறகுதான் பெட்டி நகர்ந்தது. பைப்பை மூடும் வால்வு அதன் முதுகுப்புறம் தூசி மண்டிக் கிடந்தது.

“கசிஞ்சா வீட்டம்மா என்ன செய்வா அண்ணை? மழையிலை ஓடிப்போய் மீட்டரைத்தான் மூடோணும். பிறகு அடுப்புமில்லை, சுடுதண்ணியுமில்லை” என்றான் என்னிடம், தொழில் பழகும் யாழ்ப்பாணத்துப் பையன். அவன் குரு உரிமம் பெற்ற சாமோவாக்காரர், பேச்சு குறைவு.

அந்த வீடு இருக்கும் ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டன் ஓர் எரிமலைக் குன்று. அது கடைசியாகக் கக்கி ஏறக்குறைய 10,000 ஆண்டு ஆகிறது. இன்று இங்குள்ள வீடுகளுக்கு நெருப்பு தரனாக்கி வட்டாரத்திலிருந்து வருகிறது. 1959-இல் அங்குள்ள கப்புனியில் கண்டுபிடித்த எரிவாயு, 1970-இல் குழாய் வழியே ஆக்லாந்தை எட்டியது. நம் ஊரில் சிலிண்டர் அடுப்பருகிலேயே நிற்கும். தூங்கப்போகுமுன் ரெகுலேட்டரைத் திருப்புவது அம்மாக்களுக்குப் பழக்கம். சுவருக்குள் ஓடும் பைப்பில் அந்தப் பழக்கம் வளர வழியில்லை. இங்கே பின்பற்றப்படும் ஏ.எஸ்./என்.இசட்.எஸ். 5601 தரவிதி, வால்வு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கிறது.

பக்கத்து அலமாரிக்குள் புதிய வால்வு வைப்பதென்று முடிவாயிற்று. கணப்பின் சூடு அங்கே தாக்காது. கதவைத் திறந்தால் கை போகும். பையன் செம்புக்குழாயை வெட்டி, உள்விளிம்பின் பிசிறைச் சுரண்டி, முனையை விரிக்கும் கருவியை எடுத்தான். குரு ஒரு விரலால் தடுத்து, தரையில் கிடந்த பித்தளை நட்டைக் காட்டினார். முனை புனல்போல விரிந்துவிட்டால் நட்டு உள்ளே ஏறாது. மறுபடி வெட்டத்தான் வேண்டும். அந்த இணைப்பில் டேப் சுற்றுவதும் இல்லை. செம்பும் பித்தளையும் நேருக்கு நேர் கவ்வினால்தான் கசியாது.

காற்றழுத்தம் ஏற்றினார்கள். அளவுமானி இறங்காமல் நின்றது. பிறகு கேஸைத் திறந்து இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட எழவில்லை.

சான்றிதழில் கையெழுத்திடுமுன் குரு வீட்டம்மாவைக் கூப்பிட்டு, வால்வை அவரையே மூடச் சொன்னார். கைப்பிடி பைப்போடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது. குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. அது கால் சுற்றுத்தான். ஆனால் கைப்பிடி பாதியிலேயே, அதற்குள் வீட்டம்மா அலமாரியில் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்த வாக்குவம் கிளீனரில் இடித்து நின்றது. குரு அதைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு மறுபடி மூடச் சொன்னார். எட்டும் இடத்தில் வால்வு வைத்துக் கொடுப்பது தொழிலாளியின் பொறுப்பு. நாளை அதே அலமாரியில் எதை அடுக்குவது என்பது வீட்டார் பொறுப்பு.