கூரை மீது ஒரு தோணி

வாகனத்தின் கூரையில் பொருள் ஏற்றிக் கட்டுவதில் யாழ்ப்பாணத்தவரான எங்களுக்கு எவரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நீண்டகாலம் நம்பியிருந்தேன். ஓஸ்ரின் ஏ40 காரின் மேல் அலுமாரி, துவிச்சக்கரவண்டி, கலியாண வீட்டு வாழைக்குலை என எதையெல்லாமோ கட்டிச் சென்றவர்கள் நாங்கள். அந்த நம்பிக்கை தகர்ந்தது கனடாவில், 400 ஆம் இலக்க நெடுஞ்சாலையில்.

2018 யூலையில் ரொறன்ரோவில் தமக்கையார் வீட்டில் தங்கியிருந்தேன். அவரது மகன் தனது கயாக்கை அல்கொங்குயின் பூங்காவுக்குக் கொண்டுசெல்ல ஆயத்தமானார். கயாக் என்பது ஒருவர் அமர்ந்து இருபுறமும் துடுப்பு வலிக்கும் ஒடுங்கிய தோணி. வடதுருவப் பகுதி மக்கள் வேட்டைக்காகத் தோலால் அமைத்த கலமே அதன் மூலம். மருமகனுடையது பிளாஸ்ரிக்கினாலானது, 12 அடி நீளம்.

கூரையின் குறுக்குச் சட்டங்கள்மேல் அதைக் கிடத்தி, இரண்டு பட்டிகளால் இறுக்கினார். பின்னர் முன்நுனியையும் பின்நுனியையும் காரோடு பிணைக்கக் கயிறெடுத்தார்.

"உது போதும் தம்பி, நேரம் போகுது" என்றேன்.

"இல்லை மாமா..." என்று தயங்கியவர், மூத்தவன் சொல்லைத் தட்டாமல் கயிற்றைச் சுருட்டி வைத்தார்.

வேகம் மணிக்கு 100 கிலோமீற்றரைத் தொட்டதும் பட்டிகள் வண்டுபோல் இரைந்தன. லொறியொன்று எம்மைக் கடந்தபோது வீசிய காற்றில் கயாக்கின் முன்நுனி மேலெழுந்து ஒருபக்கம் திரும்பியது. பக்கக் கண்ணாடியில் பின்னால் வந்த கார் தெரிந்தது. அதைச் செலுத்தியவர் ஓர் இளம்பெண். மருமகன் வாய் திறவாமல் வேகத்தைக் குறைத்து, அடுத்த வெளியேறு பாதையில் இறங்கி நிறுத்தினார். என் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

வேகம் இருமடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். எங்கள் ஏ40 முப்பது மைல் வேகத்தைத் தாண்டியதே அபூர்வம். அலுமாரி விழாதிருந்தது எங்கள் முடிச்சின் திறமையாலன்று, வண்டியின் மந்தத்தால்.

அங்கே நின்று அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன். தோணியை அசைத்தால் காரும் சேர்ந்து அசைய வேண்டும். ஆனால் நெம்பி இறுக்கும் றட்செற் பட்டி பிளாஸ்ரிக்கை நெளித்துவிடும். கையால் இழுத்துப் பூட்டும் பட்டியே உகந்தது. பட்டியை ஒருமுறை முறுக்கிவிட்டால் இரைச்சல் அடங்கும். சிறிது தூரம் ஓடியபின் நிறுத்தி, மீண்டும் சரிபார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் முன், பின் கயிறுகள் கட்டாயம்.

"கட்டுத் தளர்ந்து விழுந்ததில்" என்ற சொற்றொடரை விபத்துச் செய்திகளில் எத்தனையோ தடவை செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அதற்கு முன்னர் யாரோ ஒருவர் "போதும், நேரம் போகுது" என்று சொல்லியிருக்கக்கூடும் என அன்றுவரை எண்ணியதில்லை.

திரும்பும்போது முன்கயிற்றை நானே கட்டினேன். மருமகன் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அதில் எனக்கு வருத்தமில்லை.