இரண்டு கோப்பை ஈயம்

எங்கட வீட்டுப் பின்விறாந்தைச் சீமெந்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொட்டுகள். 2021 மார்கழியில் ஒரு காலையில் விழுந்த தழும்பு. எங்களைப் பேச வேண்டிய நேரமெல்லாம் அம்மா அதைத்தான் கையால் காட்டுவா.

நாங்கள் என்றால் மூன்று பேர். அண்ணன் தம்பி நாங்கள் இரண்டு பேரும், சித்தப்பாவின் மூத்த மகனும். சித்தப்பாவின் புது வீச்சுவலை கட்டி முடிந்திருந்தது. அடி விளிம்புக்குக் குண்டு கோர்க்கிறதுதான் மிச்சம். கடையில் ஈயக்குண்டு கிலோக் கணக்கில் வாங்கலாம். ஆனால் கரையோர வீடுகளில் கிழிந்த வலையின் குண்டுகளைக் கழற்றி உருக்கித் திரும்ப வார்க்கிறது காலம் காலமாக நடக்கிற வேலை. காசு கொடுத்து வாங்குவதைச் சித்தப்பா ஒரு தோல்வியாகவே நினைப்பார்.

அந்த மாதங்களில் நாட்டில் பல வீடுகளில் காஸ் அடுப்பு வெடித்துக்கொண்டிருந்தது. சிலிண்டரில் புரொப்பேன், பியூட்டேன் கலவை மாறினதுதான் காரணம் என்று பேச்சு. அம்மா காஸைப் பூட்டி வைத்துவிட்டு மண்ணெண்ணெய்க் குக்கரில் சமைக்கத் தொடங்கியிருந்தா. அந்தக் குக்கரைத்தான் நாங்கள் விறாந்தைக்குத் தூக்கி வந்தோம். அதன் மேல் ஒரு பழைய அலுமினியத் தாச்சி. தாச்சிக்குள் நாலு கிலோ ஈயம்.

நாலு கிலோ என்றால் எவ்வளவு என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஈயம் தண்ணீரை விடப் பதினொரு மடங்குக்கும் மேல் பாரம். ஆகவே உருகின பிறகு நாலு கிலோவும் இரண்டு தேத்தண்ணிக் கோப்பைக்குள் அடங்கிவிடும். தாச்சியின் அடியில் மினுங்கிக்கொண்டு கிடந்த அந்தக் கொஞ்சத்தைப் பார்த்தபோது பயமே வரவில்லை. அதுதான் பிழைத்தது.

குக்கரில் சோற்றுப்பானையும் நாலைந்து கிலோ நிற்கும்தானே என்று கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். சோற்றுப்பானை அகலமானது, தாங்குகிற கம்பிகள் எல்லாவற்றிலும் சரியாக உட்காரும். எங்கட தாச்சி சின்னது, அடி வளைந்தது, கம்பிகளின் நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது. சோற்றுப்பானையை யாரும் பக்கவாட்டில் இடிப்பதுமில்லை. நாங்கள் இரும்பு அகப்பையால் ஒவ்வொரு முறை அள்ளும்போதும் தாச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டிருந்தோம். ஒன்பதாவது தடவையோ பத்தாவது தடவையோ, கம்பி ஒன்று மடங்கியது. யாரும் தட்டவில்லை. தானாகவே சரிந்தது.

அம்மா விடிய விறாந்தையைக் கழுவியிருந்தா. மேலுக்குக் காய்ந்திருந்தாலும் சீமெந்துக்குள் ஈரம் இருந்தது. ஈயம் 327 பாகை செல்சியஸில்தான் உருகும். தண்ணீர் 100 இல் ஆவியாகிவிடும். ஈரத்தின் மேல் உருகின ஈயம் விழுந்தால் அடியில் ஆவி வெடித்து மேலே இருப்பதைத் தூக்கி எறியும். பட்டாசு மாதிரிச் சத்தம். எங்களில் ஒருவனின் றப்பர்ச் செருப்பின் வார் உருகிப் புறங்காலோடு ஒட்டியது. குக்கரின் எண்ணெய்த் தொட்டி சரியாக அடியில்தான் இருந்தது, அது பற்றாமல் போனது எங்கட கெட்டித்தனத்தால் இல்லை. சித்தப்பாவின் கடைக்குட்டி, ஏழு வயசு, குசினி வாசலில் பாண் துண்டோடு நின்றுகொண்டிருந்தாள். வாசலுக்கும் அந்தப் பள்ளத்துக்கும் இடையில் இரண்டு எட்டு.

காலில் இரண்டு கிழமை கட்டுப் போட்டிருந்தது. சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "நாப்பது வருசமா நான் விறகிலதானே வாக்கிறன், உங்களுக்கு மட்டும் எப்பிடிச் சரிஞ்சது?" என்றார். கோபமாகத்தான் இருந்தது. ஆனால் பிறகு யோசித்தால், அவர் சொன்னதில் ஒரு பாதி சரி.

ஈயத்தை உருக்கப் பெரிய நெருப்பு வேண்டும் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் படித்த வெப்பக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஐந்து கிலோ ஈயத்தை அறைச் சூட்டிலிருந்து உருக்கி எடுக்கத் தேவையான வெப்பமும், ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற வெப்பமும் ஏறத்தாழ ஒன்றுதான். தேத்தண்ணி வைக்கிற எந்த அடுப்பும் போதும். ஆகவே எந்த அடுப்பில் சூடு கூட என்று கேட்பதில் பிரயோசனம் இல்லை. எந்த அடுப்பு அசையாது, எதில் சூட்டைக் குறைக்கலாம், கவிழ்ந்தால் ஈயம் எங்கே போகும் என்று கேட்க வேணும்.

சித்தப்பாவின் மூன்று கல் அடுப்பு நிலத்தோடு நிலமாக இருக்கிறது. விழ உயரமே இல்லை. அந்த வகையில் அவர் கெட்டிக்காரர். 2022 இல் நாங்களும் விறகுக்குத்தான் திரும்பினோம், வேறு வழியில்லை. படகுக்கே மண்ணெண்ணெய் கிடைக்காத காலம், பிறகு ஆவணியில் அதன் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. ஆனால் விறகைக் கட்டுப்படுத்த ஏலாது. பனைமட்டை பற்றிக்கொண்டால் சட்டியின் அடி சிவக்கும் வரை ஏறும். ஈயம் உருகினதற்கு மேலே சூடு ஏற ஏற, மேலே படிகிற கசடும் கூடும், புகையும் கூடும். விறகுப் புகைக்குள் எது எந்தப் புகை என்று ஒருத்தருக்கும் தெரியாது.

ஹொட் பிளேற்றும் யோசித்தோம். பாரத்துக்கு வளைகிற தகரக் கால், சிந்தினால் கீழே மின்சாரம், போதாக்குறைக்குச் சூடு ஏறத் தானாக நின்றுவிடும். வேண்டாம். கண்ணாடி மேற்பரப்புள்ள காஸ் அடுப்பைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

கடைசியில் கலியாண வீடுகளில் நிலத்தில் வைத்துச் சமைக்கிற வார்ப்பிரும்புக் காஸ் அடுப்பு ஒன்று பழசாகக் கிடைத்தது. அதன் காலை நம்பாமல், வெல்டிங் செய்கிற அண்ணை ஒருவரிடம் கோண இரும்பில் தனியாக ஒரு முக்காலி செய்வித்தோம். ஒரு சாண் உயரம், கால்கள் சட்டியை விட இரண்டு மடங்கு அகலத்துக்கு விரிந்தவை, மேலே சட்டி இறங்கி உட்கார ஒரு வளையம். "இதில ஆனையை ஏத்தப் போறியளோ?" என்று கேட்டார். ஓமண்ணை என்றோம். அலுமினியத் தாச்சி போய்த் தட்டை அடியுள்ள இரும்புச் சட்டி வந்தது. அடியில் நன்றாகக் காய்ந்த மணல் பரப்பிய இரும்புத் தட்டம், சிந்தினால் மணலில்தான் சிந்தும். சிலிண்டர் குழாயின் நீளத்துக்குத் தள்ளி, காற்று வருகிற பக்கம். வார்க்கிற அச்சை முதலில் அடுப்போரம் வைத்துச் சூடாக்குவோம், அதற்குள் ஒரு சொட்டு ஈரமும் நிற்கக் கூடாது. எல்லாம் வளவின் மூலையில், வீட்டுக்கு வெளியே. மழை இருட்டினால் அன்றைக்கு வேலை இல்லை.

அடுப்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சட்டிக்குள் என்ன போடுகிறோம் என்பது வேறு கதை. பழைய பற்றறியை உடைத்து எடுக்கலாமே என்று சொன்ன ஆட்கள் இருக்கிறார்கள். பற்றறித் தட்டில் இருப்பது ஈய ஒட்சைட்டும் சல்பேற்றும் கலந்த பசை, காய்ந்தால் தூசு. செனகல் நாட்டில், டாக்கார் நகரத்தின் ஓரத்தில் தியரோயே என்ற இடத்தில் பற்றறி ஈயம் எடுத்த மண்ணால் 2007, 2008 இல் 18 பிள்ளைகள் செத்தார்கள். அங்கேயும் அது வீட்டு வேலைதான். இன்னொருவர் காணியில் கிடக்கிற பழைய ரவைகளைச் சொன்னார். எங்கட மண்ணிலிருந்து எடுக்கிற எதையும் நெருப்பில் வைக்கிற துணிவு எங்களுக்கு இல்லை. பழைய குண்டு, பழைய கேபிள் உறை, அவ்வளவுதான்.

பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று ஒரு அளவு கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் கசடை மூடியுள்ள ரின்னில் போட்டு வைக்கிறோம். போட்ட சேர்ட்டைத் தனியாகத் தோய்க்கிறோம். சட்டியும் அகப்பையும் குசினிப் படியைத் தாண்டாது. கடைக்குட்டிக்கு வேப்பமரத்திலிருந்து வேலி வரை ஒரு கயிறு கட்டியிருக்கிறோம், அதுக்கு அங்கால் வர ஏலாது. அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எத்தனை குண்டு என்று எண்ணிச் சொல்வாள். எண்ணிக்கை அடிக்கடி பிழைக்கும்.

சித்தப்பா முதல் நாள் முக்காலியைக் காலால் ஒருக்கா உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். போன மாதம் தன்ர வலைக்குத் தானே வந்து வார்த்தார். அடுப்பு நல்லாத்தான் இருக்குதாம், ஆனால் சரியான பதிவாம், குந்தியிருக்க முழங்கால் நோகுதாம். கொஞ்சம் உயர்த்தித் தரச் சொல்லிக் கேட்டார். ஏலாது என்றோம். பலாப்பலகையில் ஒரு சின்ன இருக்கை அடித்துக் கொடுத்திருக்கிறோம்.