எங்கள் கொல்லை முந்திரி

‘எங்கள் கொல்லையில் விளைந்தது, மரத்திலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு’ என்று பாக்கெட்டில் அச்சடித்துப் பல வருஷம் முந்திரிப் பருப்பு விற்றேன். அந்தப் பாக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றில் இருந்தது ஆப்பிரிக்கக் கொட்டையை உடைத்து எடுத்த பருப்பு. யாரும் என்னைப் பிடிக்கவில்லை, யாரும் வழக்குப் போடவில்லை. நானாகத்தான் சொல்கிறேன்.

காடாம்புலியூர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகிற சாலையில் முந்திரிக் கடைகள். ஊருக்குள்ளே போனால் கொட்டை உடைக்கிற கொட்டகைகள். இங்கே மரத்தில் கொட்டை கிடைப்பது மாசி பங்குனியில் தொடங்கி வைகாசி வரைதான். கொட்டகை வருஷம் முழுக்க ஓட வேண்டும். ஒரு கிலோ பருப்புக்கு ஏறக்குறைய நாலு கிலோ கொட்டை தேவை. உள்ளூர்க் கொட்டை தீர்ந்ததும், தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி லாரியில் வருகிற ஐவரி கோஸ்ட், பெனின், கானா மூட்டைகள்தான் கை கொடுக்கும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி முந்திரிக் காடுகளைச் சாய்த்துப் போட்டது. எங்கள் குடும்பக் கொல்லையும் தப்பவில்லை. ஒட்டுக்கன்று வாங்கி நட்டோம். அது காய்ப்புக்கு வருவதற்குள் மூட்டைக் கொட்டை எங்களுக்குப் பழகிவிட்டது.

வெளிநாட்டுக் கொட்டை வாங்குவது ஒரு குற்றமே இல்லை. கேரளத்துக் கொல்லம் ஆப்பிரிக்கக் கொட்டையை உடைத்துத்தான் முந்திரித் தொழிலுக்குப் பேர் வாங்கியது. இன்று உலகத்துக்கே பருப்பு அனுப்புகிற வியட்நாமும் கம்போடியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும்தான் பெரும்பாலான கொட்டையை எடுக்கிறது. முந்திரி மரமே பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. ஆக, மறைக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒன்றைத்தான் மறைத்தேன்.

ரோட்டோரக் கடையில் எடை போட்டு விற்றவரை யாரும் எதையும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாட்ஸ்ஆப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கத் தொடங்கியபோதுதான் கதை தேவைப்பட்டது. எதிர்க்கடைக்காரர் என்னைவிடக் கிலோவுக்கு முப்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தார். விலையில் அவரோடு மோத முடியாது. மாமா கொல்லைக்குப் போய், பழமும் கொட்டையுமாகத் தொங்குகிற கிளைக்குக் கீழே நின்று படம் எடுத்துப் போட்டேன். அந்த வாரமே ஆர்டர் ஏறியது. ‘நேரா விவசாயிகிட்ட வாங்கறதுல ஒரு திருப்தி’ என்று செய்தி அனுப்பினார்கள். தெரிந்த ஒரு விவசாயி வேண்டும் என்கிற ஆசை நகரத்தில் அவ்வளவு இருந்தது. அந்த விவசாயியாக நான் வேஷம் கட்டினேன்.

முதல் பொய் கூச்சமாக இருந்தது. அடுத்ததற்கு அந்தக் கூச்சம் இல்லை. முந்திரியில் 240, 320 என்று தரம் பிரிப்போம். ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, அதிகபட்சம் எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்கிற கணக்கு அது. எண் குறையக் குறையப் பருப்பு பெரிசு, விலையும் கூட. தீபாவளி நெருக்கத்தில் 240 பாக்கெட்டில் 320-ஐக் கலந்தேன். வாங்குகிறவர் வீட்டில் எண்ணிப் பார்க்கப் போவதில்லை என்று தெரியும். சித்தி பையன், மச்சான், நண்பர்கள் என்று ஆள் பிடித்து ‘அருமையான ருசி, நம்பி வாங்கலாம்’ என்று எழுத வைத்தேன். அவர்களில் பாதிப் பேர் அந்தப் பாக்கெட்டைப் பிரித்ததே இல்லை.

சென்னையில் ஒரு அம்மா மாதம் தவறாமல் வாங்குவார். ஒரு மே மாதம் கூப்பிட்டு, “பேரப் பிள்ளைங்களுக்கு லீவு தம்பி. முந்திரி மரமே பாத்ததில்ல அதுங்க. கூட்டிட்டு வரட்டுமா?” என்று கேட்டார். மாமா கொல்லையைக் காட்டியிருக்கலாம். ஆனால் பக்கத்துக் கொட்டகையில் பிரெஞ்சு எழுத்து அச்சடித்த சாக்கு மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. அவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது? “மருந்து அடிச்சிருக்கோம்மா, பிள்ளைங்களுக்கு ஆகாது” என்றேன். பூவும் பிஞ்சுமாக இருக்கும்போது அடிக்கிற மருந்தை, கொட்டை பொறுக்கி முடிகிற மே மாதத்தில் யார் அடிப்பார்கள்? விவசாயம் தெரிந்தவர் சிரித்திருப்பார். அந்த அம்மா, “ஐயோ, நல்ல வேளை சொன்ன தம்பி” என்று எனக்கு நன்றி சொன்னார். அடுத்த மாதமும் வாங்கினார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறுத்தியிருக்காது.

சட்டம் தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. உணவுப் பொருளைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் தவறான விளம்பரத்துக்குத் தண்டனை வைத்திருக்கிறது. உரிமம் எடுக்கப் போனபோதே இதையெல்லாம் காதில் வாங்கியவன்தான். சின்ன வியாபாரியை எவன் வந்து பார்க்கப்போகிறான் என்கிற தைரியம்.

அந்தத் தைரியம் பண்ருட்டி முந்திரிக்குப் புவிசார் குறியீடு என்று பேச்சு வந்தபோதுதான் ஆட்டம் கண்டது. அந்தக் குறியீடு தனி ஒரு கடைக்காரனுக்குச் சொந்தமில்லை. இந்த மண்ணில் விளைவிக்கிறவர்கள் எல்லாருக்கும் பொது. அப்படியென்றால் நான் பாக்கெட் போட்டு விற்றது, தலைமுறையாகக் கொட்டை பொறுக்கினவர்கள் சம்பாதித்து வைத்த பேரை. நிஜமாகவே கொல்லை வைத்திருக்கிற பக்கத்து ஊர்க்காரர் உள்ளூர்க் கொட்டைக்கு நாலு காசு கூடக் கேட்டால் கிடைக்காததற்கு, என்னைப் போன்றவர்களும் காரணம். ஆப்பிரிக்கக் கொட்டையே ‘பண்ருட்டிக் கொல்லை’ விலைக்குப் போகும்போது அவர் கொட்டைக்கு எதற்குத் தனி விலை?

இன்னொரு கேள்வி கொட்டகைக்குள்ளேயே வந்தது. தோல் எடுக்கிற அக்கா ஒருவர் புதுப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மரத்தையெல்லாம் போட்டோ புடிச்சுப் போட்டிருக்க. ஒடைக்கிற எங்களப் போடலியா தம்பி?” என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். முந்திரி ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்து கறுத்துப்போகும். சாம்பலும் விளக்கெண்ணெயும் தடவிக்கொண்டுதான் உடைப்பார்கள். அப்படியும் கை நிறம் மாறிவிடும். அந்தக் கை படத்தில் நன்றாக இருக்காது என்று நினைத்தவன் நான். எந்த நாட்டுக் கொட்டையாக இருந்தாலும் முழுப் பருப்பு உடையாமல் வெளியே வருவது அந்தக் கையால்தான். எங்கள் ஊர் உண்மையிலேயே பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய சரக்கு அந்த வேலை. இல்லாத கொல்லையை விற்கப் போய், இருந்த வேலைக்காரிகளை மறைத்துவிட்டேன்.

இப்போது பாக்கெட்டில் இரண்டு வரி இருக்கிறது. கொட்டை எந்த நாடு என்று ஒன்று. உடைத்ததும் தோல் எடுத்ததும் தரம் பிரித்ததும் காடாம்புலியூரில் என்று இன்னொன்று. சீசனில் மட்டும் உள்ளூர்க் கொட்டைக்குத் தனிப் பாக்கெட், கூடுதல் விலை. பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் உள்ளதைச் சொல்லி அனுப்பினேன். சிலர் திட்டினார்கள், சிலர் பேசாமல் நின்றுவிட்டார்கள், வியாபாரம் இறங்கியது. இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை. சென்னை அம்மாவுக்குச் செய்தி போதாது என்று போன் செய்தேன். சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “மரம் பாக்க வந்திருப்போமே தம்பி, அதுக்கு எதுக்குப் பொய்?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

இதோடு முடித்தால் நல்லவனாகிவிடுவேன். ஆனால் இன்னொன்று இருக்கிறது. புதுப் பாக்கெட்டில் அந்தப் பெண்களின் கை படமாக இருக்கிறது. அதைப் பார்த்துச் சில புது வாடிக்கையாளர்கள் வந்திருக்கிறார்கள். விலையைக்கூடப் பேரம் பேசுவதில்லை. கூலி மட்டும் கொல்லைப் படம் இருந்தபோது கொடுத்த அதே கூலி. வியாபாரம் நிமிரட்டும், பிறகு ஏற்றலாம் என்று தள்ளிக்கொண்டிருக்கிறேன். அதை ஏற்றாதவரை இந்தப் பாக்கெட்டிலும் பாதிதான் உண்மை.