எரிமலை நாட்டில் வாடகைக் கார்

அத்திலாந்திக் சமுத்திரத்தின் வடகோடியில் தனித்துக் கிடக்கும் ஐஸ்லாந்துத் தீவு, பரப்பிலே நம் இலங்கையிலும் பெரியது. ஆயினும் அங்கு வாழ்வோர் ஏறக்குறைய நான்கு இலட்சம் பேரே. ரயில் பாதை என்பது அந்நாட்டில் இல்லை. ஆதலின் எரிமலைகளையும் பனியாறுகளையும் கண்டுகளிக்கச் செல்வோரிற் பெரும்பாலார் வாடகைக்குக் கார் எடுத்தே சுற்றி வருகின்றனர்.

தீவைச் சுற்றியோடும் முதலாம் இலக்க வீதியின் நீளம் ஏறக்குறைய 1,320 கிலோமீற்றர். தெற்கிலுள்ள ஸ்கேய்தரா ஆற்று மணல்வெளியில் 1974ஆம் ஆண்டு பாலம் அமைந்த பின்னரே அவ்வளையம் பூர்த்தியாயிற்று. 1968ஆம் ஆண்டு மே மாதம் 26ஆந் திகதி வரை அங்கும் நம் நாட்டைப் போன்றே வாகனங்கள் இடப்பக்கத்தில் ஓடின. அன்று தொட்டு வலப்பக்கம் ஓடுகின்றன. நம்மவர்க்கு முதல் நாள் இது சற்றுத் தடுமாற்றந் தரும்.

ஆனால் பிரயாணியின் பணப்பையை அதிகம் பதம் பார்ப்பவை வேறு. சரளைக்கற் பாதையில் எதிரே விரையும் வண்டியின் சில்லிலிருந்து தெறிக்கும் கல் முன்கண்ணாடியை உடைக்கும். பெருங்காற்று வீசும்போது கரிய எரிமலை மணலும் சாம்பலும் பறந்து வந்து வர்ணத்தை அரம் கொண்டு அராவியது போலாக்கிவிடும். திறந்த கதவைக் காற்று பிடுங்கி அதன் பிணைச்சலை வளைத்துவிடும். 'எஃப்' என்ற எழுத்தைத் தாங்கிய மலைப் பாதைகளிலோ பல ஆறுகளுக்குப் பாலமே கிடையாது. நான்கு சில்லுகளும் இயங்கும் வண்டிகளுக்கே அங்கு அனுமதி உண்டு.

இவற்றுக்கெல்லாம் காப்புறுதி உண்டே என்று நிம்மதி கொள்ளலாகாது. வாடகையுடன் சேர்ந்த சாதாரணக் காப்புறுதியில், சேதத்தின் முதற் பகுதியைக் குறித்த ஒரு தொகை வரை வாடகையாளரே ஏற்க வேண்டும். கல்லுக்கு ஒரு காப்பு, மணலுக்கும் சாம்பலுக்கும் இன்னொரு காப்பு எனத் தனித்தனியே விற்கப்படுவதும் உண்டு. ஆற்று நீர் இயந்திரத்துட் புகுந்து விளையும் கேட்டையும், காற்று வளைத்த கதவையும் பெரும்பாலான ஒப்பந்தங்கள் விலக்கி வைக்கின்றன.

நாங்கள் நால்வர் சென்றபோது இரு பிணக்குகள் நேர்ந்தன. முதலாவது, பதிவு பற்றியது. மலைப்பாதைக்கேற்ற வண்டியைப் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்திருந்தோம். விமான நிலையத்திலோ சிறு கார் ஒன்றைக் காட்டி, "இதுவும் அதற்கு ஒப்பானதே" என்றனர். 'ஒப்பான வண்டி' என்ற சொல் பதிவுச் சீட்டுகளில் வழக்கமாகவே காணப்படுவதுதான். ஆயினும் எங்கள் சீட்டில் நான்கு சில்லு இயக்கம் என்பதும் அச்சாகியிருந்தது. உடன் வந்த என் மைத்துனர் அவ்வரியைப் பொறுமையாகச் சுட்டிக்காட்டி நின்றார். ஒரு மணி நேரத்தின் பின் உரிய வண்டி, மேலதிகக் கட்டணமின்றியே வந்து சேர்ந்தது.

இரண்டாவது பிணக்கு, வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது எழுந்தது. முன்கண்ணாடியிற் கல் பட்ட தழும்பு, இடப்பக்கக் கதவின் வளைவு ஆகிய இரண்டுக்கும் கணக்கெழுதினர். அத்தொகை எங்களுள் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கக் கூடியது. கண்ணாடி எங்கள் பிரயாணத்திற் சேதமானதே, அதற்குரியதைச் செலுத்தினோம். கதவு அவ்வாறன்று. வண்டியை ஏற்ற கணத்திலேயே மைத்துனர் அதனைச் சுற்றி வந்து எடுத்த படங்களில், நேரக் குறிப்புடன் அவ்வளைவு தெளிவாக இருந்தது. முதலில் மறுத்த அலுவலர், படங்களைக் கண்டபின் கதவுக்கான தொகையை நீக்கினார்.

இத்தகைய முறைப்பாடுகள் ஐரோப்பாவெங்கும் பெருகியமையால், 2015ஆம் ஆண்டில் ஐந்து பெரிய வாடகைக் கார்க் கம்பனிகள் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் சில உறுதிமொழிகளை அளித்தன. சேதத்திற்குப் பணம் அறவிடுமுன் அதனை மறுத்துரைக்க வாடிக்கையாளருக்குத் தக்க அவகாசம் கொடுத்தல் அவற்றுள் ஒன்று. ஆயினும் எல்லாக் கம்பனிகளும் அவ்வைந்தினுள் அடங்கா.

ஆதலின் வண்டியை ஏற்கும்போதும் ஒப்படைக்கும்போதும் கூரை, சில்லு, கண்ணாடி, எரிபொருள் மானி ஆகியவற்றைப் படமெடுத்தல் நன்று. பழைய சேதம் ஒவ்வொன்றும் ஒப்பந்தத் தாளிற் குறிக்கப்பட்ட பின்னரே கையொப்பமிடுக. ஊர் திரும்பிய பின் கடன் அட்டையிற் பணம் கழிக்கப்பட்டிருந்தால், திருத்தச் செலவின் பற்றுச்சீட்டையும் சேதத்தின் படத்தையும் எழுத்து மூலம் கேளுங்கள். தக்க விடை வராவிடில், தாமதியாது வங்கிக்கு அறிவியுங்கள்.

தெற்குக் கரையின் கருமணல் வெளியில் இறங்கும்போது வண்டியின் முகத்தைக் காற்றுக்கு எதிரே நிறுத்தி, கதவை இரு கைகளாலும் பற்றித் திறவுங்கள். அப்புறம் அப்பனியாற்றின் நீலத்தை மனநிம்மதியுடன் நின்று பார்க்கலாம்.