ஒன்று புள்ளி ஆறு

பிப்ரவரி 18, செவ்வாய்

மஞ்சள் ஏலம். விரலியும் உருண்டையும் பனங்காளியுமாக மூட்டை ஏற்றிய டெம்போக்கள் காலையிலிருந்தே நாமகிரிப்பேட்டை ரோட்டை அடைத்து நின்றன. அந்த நெரிசலில் நியூட்ரலில் நிற்கும்போதுதான் கவனித்தேன். ஆக்ஸிலேட்டரில் கால் வைக்கவில்லை. ஆர்பிஎம் முள் ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் நடுவே ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. சைலன்சர் பக்கம் பச்சைப் பெட்ரோல் வாடை.

2001-இல் அப்பா வாங்கிய ஹோண்டா சிட்டி 1.5 விடெக். 1493 சிசி, 106 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய ஒரு டன். நாலு கதவு இருப்பதால் இதை ஸ்போர்ட்ஸ் கார் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு. காரவள்ளியிலிருந்து கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒருமுறை இதில் ஏறிவிட்டு வந்து பேசட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அந்த மலைமேல் இருக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 19, புதன்

ராசிபுரத்தில் மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டார். “மேப் சென்சார் போயிருக்கும் கண்ணு. இந்த வண்டிக்கு அதான் வியாதி.”

மேப் சென்சார் என்பது காற்றழுத்தம் அளக்கிற கருவி. இளநீர் குழாயின் ஒரு முனையை விரலால் அடைத்துக்கொண்டு மறுமுனையில் உறிஞ்சினால் குழாய் ஒடுங்கும் அல்லவா, அதே சமாச்சாரம்தான். த்ராட்டில் மூடியிருக்க, பிஸ்டன்கள் கீழே இழுக்க, இன்டேக் மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தம் குறைகிறது. இதுதான் வேக்கம். உள்ளே எவ்வளவு அழுத்தம் மிஞ்சியிருக்கிறது என்பதை த்ராட்டில் பாடியின் தலையில் உட்கார்ந்திருக்கும் இந்தத் தீப்பெட்டி அளவுச் சாமான் வோல்ட் கணக்கில் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. உள்ளே வருகிற காற்றை நேரடியாக அளக்க இந்த வண்டியில் வேறு கருவி கிடையாது. எவ்வளவு பெட்ரோல் விடுவது என்ற கணக்குக்கு இதுதான் ஆதாரம்.

மதியமே சேலம் போய், உடைத்த வண்டியில் கழற்றிய சென்சார் ஒன்றை வாங்கி வந்து மாட்டினேன். முள் பழையபடியே ஏறி இறங்கியது. விசாரிக்காமல் செலவு செய்துவிட்டேன் என்ற வருத்தம் ராத்திரி வரை போகவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று முறையாக உட்கார்ந்தேன். டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு பின் சர்வீஸ் கனெக்டரை ஒயரால் இணைத்தால் செக் லைட் கண்சிமிட்டிக் கோளாறின் எண்ணைச் சொல்லும். மேப் சென்சார் சர்க்யூட்டுக்கு எண் மூன்று. விளக்கு சிமிட்டவே இல்லை.

அடுத்து மல்டிமீட்டர். மூன்று ஒயரில் ஒன்றில் 5 வோல்ட் வருகிறது, எர்த்தும் சரி. எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் சிக்னல் ஒயரில் 2.9. இது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கான அளவு, சரியான அளவு.

வேக்கம் பம்ப் என்னிடம் இல்லை. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்காரர்கள் புண்ணியத்தில் பெரிய சிரிஞ்சுக்குப் பஞ்சமில்லை. ஒரு சிரிஞ்சின் நுனியில் டியூப் மாட்டி, மறுமுனையைச் சென்சாரின் மூக்கில் செருகி மெதுவாக இழுத்தேன். 2.9, 2.5, 2.0, 1.4. எங்கும் தாவல் இல்லை, தயக்கம் இல்லை. இழுத்த இடத்தில் பிடித்தால் எண்ணும் நின்றது. புதிதாக வாங்கியதும் இதே படிதான் இறங்கியது. என் பழைய சென்சாருக்கு ஒரு குறையும் கிடையாது.

அதையே திரும்ப மாட்டி எஞ்சினை ஓடவிட்டேன். ஐடிலில் ஒரு வோல்ட் சுற்றி இருக்க வேண்டும். 1.6-இல் ஆடியது.

நெடுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். சென்சார் நிஜத்தைத்தான் சொல்கிறது என்றால், மேனிஃபோல்டுக்குள் நிஜமாகவே காற்று அதிகம் இருக்கிறது. எங்கிருந்தோ திருட்டுக் காற்று நுழைகிறது. காற்று கூடியதைச் சென்சார் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்ட, வேகம் ஏறுகிறது. த்ராட்டில் மூடியிருக்கும்போது வேகம் அளவுக்கு மேல் போனால் கம்ப்யூட்டரே பெட்ரோலை நிறுத்திவிடும். வேகம் விழுந்ததும் மறுபடி விடும். இந்த ஏற்ற இறக்கம் அதுதான்.

பிப்ரவரி 21, வெள்ளி

சின்னச் சின்ன வேக்கம் ஹோஸ்களை எல்லாம் ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அய்யா வந்தார். ஐம்பது வருஷம் நாயனம் வாசித்தவர். நாதஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் பேரோடு இந்த ஊர் பேரும் சேர்ந்தே உலகம் சுற்றியது. இங்கே தெருவுக்குத் தெரு இன்னும் நல்ல காதுகள் உண்டு. எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே தலையைச் சாய்த்து நின்றவர், எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவர்ப்பக்கம் கை காட்டினார்.

“தம்பி, அங்க காத்து போவுது பாரு. சீவாளி கெண்டையில சரியா உக்காரலீன்னா இப்படித்தான் ‘ஸ்’னு ஒரு இழை கேக்கும்.”

எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஒரு ரப்பர் டியூபின் முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை அவர் காட்டிய இடத்தில் நகர்த்தினேன். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ்; மேனிஃபோல்டு பக்கத்துக் கிளாம்பை ஒட்டி, அடிப்பக்கத்தில். சீறல் பளிச்சென்று கேட்டது. துணி சுற்றிய பிளையரால் ஹோஸை நெரித்தேன். முள் 750-இல் போய் உட்கார்ந்தது. மீட்டரில் 1.0.

கழற்றி வளைத்துப் பார்த்தபோதுதான் விரிசல் வாய் திறந்தது. ஒரு நகத்தின் நீளம். இருபத்து நான்கு வருஷச் சூட்டில் ரப்பர் காய்ந்த மரவள்ளித் தோல் மாதிரி ஆகியிருந்தது.

இன்னொரு சென்சார் வாங்கிப் பார்க்கலாமா என்று புதன் ராத்திரி யோசித்தேன். ஐடில் ஸ்குரூவைத் திருகி ஒப்பேற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய்விடலாம் என்றும் யோசித்தேன். இந்த ஹோஸ் முழுசாகப் பிளந்தால் பூஸ்டருக்கு வேக்கமே வராது. பிரேக் பெடல் கல்லாகிவிடும். எழுபது வளைவு இறக்கத்தில், அம்மா பக்கத்தில். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

பிப்ரவரி 22, சனி

சாதாரண தண்ணீர் ஹோஸ் போடக்கூடாது. வேக்கத்தில் ஒடுங்கி ஒட்டிக்கொள்ளும். நாமக்கல் லாரி உதிரிபாகக் கடையில் பூஸ்டர் ஹோஸ் கிடைத்தது. டீசல் எஞ்சினில் த்ராட்டில் அடைப்பு இல்லாததால் மேனிஃபோல்டில் போதிய வேக்கம் வராது. அதனால் டீசல் வேன்களுக்குத் தனி வேக்கம் பம்ப், அதற்கென்று இந்த ஹோஸ். பழைய ஒன்வே வால்வைக் கழுவி, அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கும்படி மாட்டினேன். இரண்டு கிளாம்பும் புதுசு.

எஞ்சினை அணைத்துவிட்டு, பெடலை நாலு தடவை மிதித்து இறுக்கினேன். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்ததும் பெடல் காலுக்கடியில் மெல்ல இறங்கிக் கொடுத்தது. பூஸ்டர் வேலை செய்கிறது. அய்யா வீட்டுக்கு இரண்டு சீப்பு பழம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

விடியும் முன் காரவள்ளி. மலைமேல் சோளக்காடு ஊரில் டீ குடிக்க நிறுத்தியபோது, எஞ்சினை அணைத்து, சாவியை ஆன் செய்து, மீட்டரை வைத்தேன். வீட்டில் 2.9 காட்டியது இங்கே 2.6.

“இன்னும் சரியாகலியாடா?” என்றாள் அம்மா.

“சரியா இருக்கும்மா. மலை மேல காத்து கம்மின்னு சொல்லுது.”

தரிசனம் முடிந்து திரும்பும்போது இரண்டாம் கியர். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் பெடல் ஒரே மாதிரி இறங்கியது. முப்பதாவது வளைவுக்குள் அம்மா தூங்கிவிட்டாள்.